காசா, அரிசியா? எந்த உதவி குடும்பத்துக்கு நல்லது?



ஏழைக் குடும்பங்களுக்கு உதவி என்று பேச்சு வந்தால் எல்லா நாட்டிலும் ஒரே வாக்குவாதம்தான். "காசைக் கையில கொடுத்தா சாராயத்துக்குப் போயிரும், சாமானாவே கொடுங்க" என்பார்கள் சிலர். "என் வீட்டுக்கு என்ன தேவைன்னு எனக்குத்தானே தெரியும், காசாக் கொடுங்க" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பல நாடுகளில் இரண்டையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து நமக்கு உதவக்கூடியதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நம் நாட்டில் நடந்தது

யுத்த காலத்தில், 1942 இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு ஆரம்பமானது. கூப்பன் அரிசி வாங்கியது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1979 இல் அந்த முறை நின்று, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உணவு முத்திரை வந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 15 ரூபா, சின்னப் பிள்ளைக்கு 25 ரூபா. முத்திரையில் அச்சிட்ட தொகை மாறவில்லை. ஆனால் கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. சுமார் மூன்று வருடத்தில் அதே முத்திரைக்குக் கிடைத்த சாமான் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

அளவு சொல்லி அரிசியாகக் கொடுத்தால், விலை ஏறினாலும் அந்த அளவு குறையாது. ரூபாய் சொல்லிக் கொடுத்தால், விலை ஏற ஏற அது கரையும். இதுதான் முதல் பாடம்.

எத்தியோப்பியா

அங்கே 2005 இல் வறிய கிராமத்தவர்களுக்கு ஒரு பெரிய திட்டம் ஆரம்பித்தார்கள். பாதை வெட்டுதல், மண் அணை கட்டுதல் போன்ற பொது வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 3 கிலோ தானியம், அல்லது அதே பெறுமதிக்கு 6 பிர் காசு. 2007, 2008 ஆம் வருடங்களில் தானிய விலை கடுமையாக ஏறியது. காசுச் சம்பளத்தைக் கூட்டினார்கள். ஆனாலும் விலையைப் பிடிக்க முடியவில்லை. காசு வேண்டும் என்று சொன்னவர்களிலும் பலர் "இனித் தானியமாகவே தாருங்கள்" என்றார்கள்.

ஈக்குவடோர்

தென் அமெரிக்க நாடான ஈக்குவடோரில் 2011 இல் உலக உணவுத் திட்டம் மூன்று வழிகளை ஒப்பிட்டது. மாதம் 40 டொலர் பெறுமதியான உதவி 6 மாதத்துக்கு. சில குடும்பங்களுக்குக் காசு. சில குடும்பங்களுக்குக் குறித்த கடைகளில் நல்ல உணவு வாங்குவதற்கான சீட்டு. மற்றவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன்.

மூன்று முறையிலும் குடும்பங்களின் சாப்பாடு முன்னேறியது. சாமான் பெற்ற வீடுகளில் சாப்பாட்டின் அளவு கூடியது. சீட்டுப் பெற்ற வீடுகளில் சாப்பாட்டின் வகை கூடியது. ஆனால் சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு தடவைக்கு 11 டொலருக்கு மேல் செலவானது. காசுக்கும் சீட்டுக்கும் 3 டொலர் அளவுதான். கடைகள் பக்கத்தில் இருந்து, விலையும் நிதானமாக இருந்தால், காசும் சீட்டும் கூடுதல் குடும்பங்களுக்குப் போய்ச் சேரும்.

நைஜர்

ஆபிரிக்காவின் வறண்ட நாடான நைஜரிலும் 2011 இல் இப்படி ஒப்பிட்டார்கள். அங்கே சாமான் பெற்ற வீடுகளில்தான் சாப்பாடு பலவகையாக இருந்தது. காசு பெற்றவர்கள் தானியத்தை மொத்தமாக வாங்கி வைத்தார்கள், வீட்டைத் திருத்தினார்கள், பயிருக்குச் செலவழித்தார்கள். காசு வீணாகவில்லை. ஆனால் கறிச் சட்டிக்கு வந்தது குறைவு.

சாராயப் பயம்

இந்தப் பயம் எல்லா நாட்டிலும் உண்டு. உலக வங்கி ஆய்வாளர்கள் 2014 இல் லத்தீன் அமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா நாடுகளின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உதவிக் காசு கிடைத்ததால் பொதுவாகக் குடியும் புகையிலையும் கூடவில்லை என்றே கண்டார்கள். ஆகவே ஏழை என்றால் குடித்து அழிப்பான் என்று யாரும் நம்மைப் பார்த்துச் சொல்ல இடமில்லை. ஆனால் இது பல குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. குடி உள்ள வீட்டில் அந்த வீட்டார்தான் காசைப் பாதுகாக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

2023 முதல் அஸ்வெசும உதவி வங்கிக் கணக்குக்குக் காசாகவே வருகிறது. அதற்கு முந்திய வருடம், 2022 செப்டெம்பரில், கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததை விட 94.9 சதவீதம் கூடியிருந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே:

1. உதவிக் காசை ரூபாயில் மட்டும் எண்ணாமல் கிலோவிலும் எண்ணுங்கள். கணக்குக்காக, அரிசி கிலோ 100 ரூபா என்றால் 5,000 ரூபாவுக்கு 50 கிலோ. விலை 200 ரூபா ஆனால் 25 கிலோதான். மாதாமாதம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உதவி போதவில்லை என்று கேட்கப் போகும்போது அந்தக் கொப்பி பேசும்.

2. காசு வந்ததும் அரிசி, மா, பருப்பு முதலில். பிள்ளைகளுக்கு முட்டை, நெத்தலி, கீரைக்கும் அப்போதே ஒதுக்குங்கள். மிச்சத்தில் மற்றச் செலவு.

3. டவுன் வங்கிக்குப் போகும் பஸ் காசும் உதவியிலிருந்து கழிவதுதான். ஒரே பயணத்தில் சாமானையும் வாங்கி வாருங்கள். மூன்று நாலு வீட்டார் சேர்ந்து அரிசி மூடை வாங்கிப் பிரித்தால் விலையும் குறையும்.

4. கிளினிக்கில் தரும் திரிபோஷ, கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரிய உணவு. அதை வீட்டில் எல்லாருக்கும் பங்கு போட்டால் உரியவருக்குப் போதாமல் போகும்.

5. செலவைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள்.

லயத்தில் கூடிப் பேசுவதற்குக் கேள்விகள்

போன வருடம் இதே மாதம் உங்கள் உதவிக் காசுக்கு எத்தனை கிலோ அரிசி வாங்கினீர்கள்? இந்த மாதம் எத்தனை கிலோ? உங்கள் தோட்டத்துக் கடை விலைக்கும் டவுன் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்? அடுத்த உதவி காசாக வேண்டுமா, சாமானாக வேண்டுமா என்று உங்களைக் கேட்டால், என்ன காரணம் சொல்வீர்கள்?