மைசூரில் ஒரு காப்பி

வெளியூர் போகிறோம். கோயில் பார்க்கிறோம். அரண்மனை பார்க்கிறோம். நடந்து நடந்து கால் வலிக்கிறது. பசி எடுக்கிறது. எதிரே ஒரு ஓட்டல் தெரிகிறது. உள்ளே போகலாமா?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஆனால் வாசலிலேயே நின்று விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் நான்கு கேள்விகள் ஓடும்.

நம்மை உள்ளே உட்கார விடுவார்களா? பலகையில் என்ன எழுதியிருக்கிறது? என்ன கேட்டு வாங்குவது? எவ்வளவு பணம் ஆகும்?

இந்த நான்கு கேள்விகளுக்கும் இந்தப் பாடத்தில் விடை பார்ப்போம். அதற்கு மைசூர் வரை போய் வருவோம்.

மலை ஏறிப் போகும் ஊர்

சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். நான்கு பேரும் மைசூருக்குக் கிளம்பினார்கள்.

பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி இறங்கினால் ஆசனூர். அதன் பிறகு கர்நாடக எல்லை. சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாகப் பேருந்து மைசூரைச் சேர்கிறது.

நம் வாயில் இந்த ஊர் மைசூர். 2014 நவம்பர் முதல் அரசுக் கணக்கில் இதன் பெயர் மைசூரு. பலகையிலும் பேருந்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

முதல் கேள்வி: உள்ளே விடுவார்களா?

காலையில் ஒரு ஓட்டல் வாசலுக்கு வந்தார்கள். பாட்டி படியிலேயே நின்று விட்டார்.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க கண்ணு. நான் இங்கயே இருக்கறேன்."

"ஏனுங்க ஆயா? வாங்க, உள்ள போலாம்" என்றாள் பேத்தி.

"எனக்குப் பழக்கமில்ல சாமி."

அவள் அம்மாவுக்குக் காரணம் தெரியும். பாட்டி சிறு பெண்ணாக இருந்தபோது ஊர் டீக்கடையில் அவர்களுக்குப் பெஞ்சு கிடையாது. வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். அவர்களுக்கு என்று தனித் தம்ளர். அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். அந்த நினைவு அறுபது வயதிலும் போகவில்லை.

இப்படிச் செய்வது குற்றம். நம் அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 15 ஆவது பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. மதம், சாதி, ஆண் பெண் வேறுபாடு, பிறந்த ஊர் ஆகியவற்றைக் காட்டி யாரையும் கடையிலும் உணவு விடுதியிலும் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது. 17 ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது.

1955 இல் இதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. தீண்டாமையின் பேரில் ஓட்டலுக்குள் விடாமல் தடுத்தால் தண்டனை உண்டு. பொதுவில் வைத்திருக்கும் தம்ளரையும் தட்டையும் தர மறுத்தாலும் தண்டனை உண்டு. குறைந்தது ஒரு மாதம், அதிகம் ஆறு மாதம் சிறை. அபராதமும் உண்டு.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. மக்கள் போராட வேண்டியிருந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பெயர்ப் பலகையில் சாதிப் பெயர் இருந்தது. அதை நீக்கச் சொல்லி 1957 இல் பெரியார் இயக்கத்தார் பல மாதம் மறியல் செய்தார்கள். ஒரு பலகையில் எழுதியிருக்கும் ஒரே ஒரு சொல்லும் மனிதரை வெளியே நிறுத்தும். அதனால்தான் அவ்வளவு போராட்டம்.

இன்று தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இப்படி ஒரு கொடுமை நடந்தால் 14566 என்ற எண்ணில் சொல்லலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அம்மா பாட்டியின் கையைப் பிடித்தார். "இங்க நமக்குன்னு தனித் தம்ளர் கிடையாதும்மா. வாங்க" என்றார். பாட்டி உள்ளே வந்தார். விசிறிக்குக் கீழே நடு மேசையில் உட்கார்ந்தார்.

இரண்டாம் கேள்வி: என்ன எழுதியிருக்கிறது?

அம்மா இரண்டு ஆண்டுக்கு முன்தான் எழுதப் படிக்கக் கற்றார். இப்போது தமிழில் எதையும் படிப்பார். ஆனால் அந்த ஓட்டல் சுவரில் இருந்த பலகை கன்னடத்தில் இருந்தது. கீழே ஆங்கிலம். அம்மாவால் படிக்க முடியவில்லை. பட்டப் படிப்புப் படித்தவரும் கன்னடம் தெரியாவிட்டால் அந்தப் பலகையின் முன் அப்படித்தான் நிற்பார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படிக்கத் தெரியாத எழுத்து என்றால் பேசிக் கேட்கலாம். கன்னடம் நமக்குத் தூரத்து மொழி அல்ல, அக்காள் தங்கை மொழிதான். இந்தச் சொற்களைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

பால் – ஹாலு
பணம் – ஹண
பழம் – ஹண்ணு
வெண்ணெய் – பெண்ணெ
வேண்டும் – பேகு
வேண்டாம் – பேடா
நீர் – நீரு
இலை – எலெ
உப்பு – உப்பு

ஒன்று கவனித்தீர்களா? நாம் 'ப' என்று தொடங்கும் சொல்லை அவர்கள் பல இடங்களில் 'ஹ' என்கிறார்கள். நம்முடைய 'வ' அங்கே 'ப' ஆகிறது. இந்த இரண்டு குறிப்பும் தெரிந்தால் பாதி கன்னடம் காதில் புரியத் தொடங்கும்.

இன்னும் சில சொற்கள். பலகாரத்துக்குத் திண்டி. சாப்பாட்டுக்கு ஊட்டா. சூட்டுக்குப் பிசி. எவ்வளவு என்று கேட்க எஷ்டு. "எரடு காப்பி கொடி" என்றால் இரண்டு காப்பி கொடுங்கள் என்று பொருள்.

மூன்றாம் கேள்வி: என்ன சாப்பிடலாம்?

மைசூரில் பலகாரத்துக்குப் பஞ்சம் இல்லை.

நசர்பாத் பகுதியில் மைலாரி தோசைக் கடைகள் இருக்கின்றன. அந்தத் தோசை முறுகலாக இருக்காது. பஞ்சு போல மெத்தென்று இருக்கும். மேலே ஒரு உருண்டை வெண்ணெய். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி.

பிசிபேளே பாத் என்று ஒரு சாதம். பிசி என்றால் சூடு. பேளே என்றால் பருப்பு. பாத் என்றால் சோறு. பெயரிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது.

காரா பாத் என்றால் காரமான ரவை உப்புமா. கேசரி பாத் என்றால் நம் கேசரி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் அதன் பெயர் சௌ சௌ பாத்.

கறி சாப்பிடுவோருக்கும் இடம் உண்டு. மண்டி மொகல்லாவில் உள்ள ஹனுமந்து ஓட்டல் ஆட்டுக்கறிப் பலாவுக்குப் பெயர் பெற்றது. கேழ்வரகுக் களியை அங்கே ராகி முத்தெ என்பார்கள்.

இனிப்பு என்றால் மைசூர்பாகு. கடலை மாவு, நெய், சர்க்கரை. இந்த மூன்றும்தான். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சமையலறையில் காகாசுர மாடப்பா என்ற சமையல்காரர் இதை முதலில் கிளறினார் என்பது அந்த ஊரார் சொல்லும் வரலாறு. அவர் வழிவந்தவர்களின் இனிப்புக் கடை சய்யாஜிராவ் சாலையில், தேவராஜா சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காப்பி வந்த கதை

இனி காப்பி. இது நம் நாட்டுச் செடி அல்ல. பாபா புதன் என்ற பெரியவர் ஹஜ் பயணம் போனார். திரும்பும்போது ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்று சொல்வார்கள். அது 17 ஆம் நூற்றாண்டு. அந்த மலைக்கு இன்றும் பாபா புதன்கிரி என்றுதான் பெயர்.

இன்று இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. மீதியில் பெரும் பகுதி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விளைகிறது. குடகுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் பல. நாம் குடிக்கும் காப்பியில் அவர்கள் கை உழைப்பும் இருக்கிறது.

காப்பிக் கடையிலும் உழைப்பவர்கள் முதலாளி ஆன வரலாறு உண்டு. காப்பி வாரியம் பல நகரங்களில் காப்பிக் கடைகள் நடத்தியது. 1950களில் அவற்றை மூடத் தொடங்கியது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அப்போது ஏ.கே. கோபாலன் போன்ற தலைவர்கள் துணை நின்றார்கள். தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. பரிமாறுகிறவரே பங்குதாரர். இப்படித்தான் இந்தியன் காப்பி ஹவுஸ் கடைகள் வந்தன.

காப்பிப் பொடியில் சிக்கரி கலப்பது உண்டு. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைப்பார்கள். கலப்பது குற்றம் அல்ல. ஆனால் எவ்வளவு கலந்தது என்று பொட்டலத்தில் எழுத வேண்டும். நூற்றுக்கு 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும். அடுத்த முறை பொடி வாங்கும்போது அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

கர்நாடகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. "பை டூ காப்பி" என்று கேட்கலாம். ஒரு காப்பியை இரண்டு தம்ளரில் பாதி பாதியாக ஊற்றித் தருவார்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அப்படி வாங்கிக்கொண்டார்கள். பாட்டிக்கு மட்டும் முழுக் காப்பி. மகளுக்குப் பால்.

பாட்டி தம்ளரைக் கையில் எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லா மேசையிலும் அதே தம்ளர்தான் இருந்தது. பிறகு ஊதி ஊதி மெதுவாகக் குடித்தார்.

நான்காம் கேள்வி: எவ்வளவு ஆகும்?

பில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். சாப்பிட்டது இவ்வளவு:

மசால் தோசை 3 × 70 = 210
இட்லி 1 தட்டு = 50
கேசரி பாத் 1 = 60
காப்பி 2 × 25 = 50
பால் 1 = 30

அம்மா விரல் விட்டுக் கூட்டினார். 400 ரூபாய் வந்தது. பில்லின் அடியிலோ 462 என்று இருந்தது. 62 ரூபாய் எங்கிருந்து வந்தது?

"நடுவுல என்ன எழுதியிருக்குன்னு படி கண்ணு" என்றார். மகள் படித்தாள். சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, 40 ரூபாய். ஜிஎஸ்டி வரி நூற்றுக்கு ஐந்து, 22 ரூபாய்.

வரி சரி. பெரும்பாலான ஓட்டல்களில் இப்போது நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரி. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. வரி வாங்கினால் பில்லில் 15 இடம் கொண்ட வரி எண் இருக்க வேண்டும். கர்நாடகக் கடை என்றால் அது 29 என்று தொடங்கும். தமிழ்நாடு என்றால் 33.

ஆனால் சேவைக் கட்டணம் வரி அல்ல. அது அரசுக்குப் போவதில்லை. அதைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விரும்பினால் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை.

அப்பா தயங்கினார். "விடு, வெளியூர்ல வந்து எதுக்கு வம்பு?" என்றார்.

"வம்பு இல்லீங்க. கணக்குத்தானே கேக்கறோம்" என்றார் அம்மா.

எழுந்து போய் கல்லாவில் இருந்தவரிடம் பில்லைக் காட்டினார். தமிழிலேயே பேசினார். "இந்த நாற்பது ரூபாய் எதுக்குங்க? வரி மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். அவர் பில்லைப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். "வேண்டாம்னா எடுத்துடறேம்மா" என்று புதுப் பில் கொடுத்தார். 400 ரூபாயும் வரி 20 ரூபாயும் சேர்த்து 420. மிச்சம் 42 ரூபாய்.

அவர் எடுக்க மறுத்திருந்தால்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கலாம். அதற்குப் பில் கையில் இருக்க வேண்டும். எனவே பில்லைக் கசக்கிப் போடாதீர்கள்.

அம்மா இருபது ரூபாயை எடுத்துத் தங்கள் மேசைக்குப் பரிமாறிய பையன் கையில் கொடுத்தார். அது அவராக விரும்பிக் கொடுத்தது.

நினைவில் வையுங்கள்

ஓட்டலில் யாரும் உட்காரலாம். அது உரிமை.
உட்காரும் முன் விலைப் பலகையைப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் கேளுங்கள்.
பணம் கொடுக்கும் முன் பில்லைக் கூட்டிப் பாருங்கள்.
சந்தேகம் இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தப்பு இல்லை.

பயிற்சி

1. "ஹாலு பேகு" என்றால் தமிழில் என்ன?

2. உங்கள் ஊர்க் கடையில் எல்லோருக்கும் ஒரே தம்ளரா? இல்லை என்றால், அதை மாற்ற யாரோடு சேர்ந்து என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.

3. ஒரு குடும்பம் சாப்பிட்டது: தோசை 2 × 60, காப்பி 2 × 20, வடை 4 × 10. கூட்டினால் எவ்வளவு? நூற்றுக்கு ஐந்து வரி சேர்த்தால் எவ்வளவு?

4. உங்கள் வீட்டில் இதுவரை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடாதவர் யார்? அவரை எப்போது, எங்கே அழைத்துப் போவீர்கள்? ஐந்து வரியில் எழுதுங்கள்.

(விடை: 1. பால் வேண்டும். 3. 200 ரூபாய், வரியோடு 210 ரூபாய்.)