கோல்டு ப்ரூ: பால் ஊற்றும் முன் ஒரு வாய்

அன்புள்ள வாசகருக்கு,

கடையில் ஒரு கிளாஸ் கோல்டு ப்ரூ குடித்துப் பிடித்துப்போனதையும், அதற்குக் கொடுத்த காசு மனசை உறுத்தியதையும் எழுதியிருந்தீர்கள். வீட்டில் போட மெஷின் வாங்க வேண்டுமா, இருக்கிற ஃபில்டர் காபித் தூளே போதுமா, திருச்சி வெயிலில் இரவு முழுக்க ஊறினால் கெட்டுப்போகாதா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல ஆசை.

மெஷின் வேண்டாம். மூடி போட்ட கண்ணாடி ஜாடி, வடிகட்டி, சுத்தமான மல் துணி, ஃபிரிட்ஜ் இருந்தால் போதும். சுடுநீர் சில நிமிடங்களில் தூளிலிருந்து இறக்குவதைக் கோல்டு ப்ரூவில் குளிர்ந்த நீர் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு இறக்குகிறது. சூட்டில் விறுவிறுவென்று கரையும் புளிப்பும் கசப்பும் இதில் மட்டாகவே வரும். குடிக்க மென்மையாக, அடியில் லேசான இனிப்போடு இருப்பது அதனால்தான். மணமும் குறைவாகவே எழும். காலையில் டிகாஷன் இறங்கும்போது கூடம் வரைக்கும் வரும் வாசனையை இதில் தேடாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. வீட்டில் இருக்கும் ஃபில்டர் தூள் இதற்கு ஒத்துவராது. முதல் காரணம், அது நைஸாக அரைத்தது. பல மணி நேரம் ஊறினால் கசப்பு ஏறும். துணியையும் தாண்டி இறங்கி அடியில் சேறாகப் படியும். கடையில் அரைக்கச் சொல்லும்போது உப்புமா ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைப்பதானால் விட்டு விட்டு ஓட்டி, நைஸாக விழுந்ததைச் சலித்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் சிக்கரி. காபி சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டம். மிச்சம் 49 சதவீதம் வரை சிக்கரியாக இருக்கலாம். எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். பாலோடு சேரும்போது நிறமும் கெட்டியும் கொடுப்பதால் ஃபில்டர் காபிக்கு அது பொருத்தம். பச்சைத் தண்ணீரிலோ சிக்கரி சீக்கிரம் கரைந்து ஜாடியைக் கருக்கவைத்துவிடும். காபி இறங்கிவிட்டது என்று கண் நம்பிவிடும். கொட்டையின் ருசி சிக்கரிக்கு அடியில் போய்விடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சிக்கரி கலந்தே குளிர்நீரில் ஊறவைத்துப் பால் சேர்த்துக் குடிக்கிறார்கள். அதையும் பிறகு செய்து பாருங்கள். முதல் தடவை மட்டும் தனிக் காபியாக இருக்கட்டும். அராபிகா வகையில் பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெரி தரத்தை மிதமான வறுவலில் கேளுங்கள். ரோபஸ்டா வகையில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல்.

இனி செய்முறை. 100 கிராம் தூளுக்கு 800 மில்லி நல்ல குடிதண்ணீர். உப்புத் தண்ணீரானால் எவ்வளவு நல்ல கொட்டையும் வீண். ஜாடியில் தூளைப் போட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தூள் முழுவதும் மேலே வந்து அடைபோல மிதக்கும். புதிதாக வறுத்த தூளாக இருந்தால் அந்த அடையைப் பிளந்துகொண்டு சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிய வாயு அது. அடையின் நடுவில் தூள் இன்னும் நனையாமலே இருக்கும். அதனால் மரக்கரண்டியால் அமுக்கிக் கிளறுங்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை கிளறினால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். பிறகு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு எடுக்கலாம்.

வெளியே வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்திலேயே தயாராகிவிடும் என்பது குளிர்ந்த ஊர்க்காரர்களின் கணக்கு. நம் ஊர்ச் சூட்டுக்கு அது சரிவராது. கொதிக்காத தண்ணீரும் ஈரத் தூளும் வெக்கையில் சேர்ந்து கிடந்தால் கிருமி வளர இடம் கொடுத்தது போலாகும். ஜாடியையும் கரண்டியையும் வெந்நீரில் அலசிக்கொள்வது நல்லது.

எடுத்ததை முதலில் வடிகட்டியிலும் அடுத்து மல் துணியிலும் வடியுங்கள். துணியைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் பொடியும் கசப்பும் சேர்ந்து வந்துவிடும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் சுமார் 600 மில்லி கிடைக்கும். இது கெட்டியான சாறு. சம அளவு குளிர்ந்த தண்ணீர் சேர்த்துத்தான் குடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஐந்தாறு நாள் இருக்கும். பால் கலந்துவிட்டால் உடனே குடித்துவிடுங்கள்.

கோல்டு ப்ரூ வயிற்றுக்கு நல்லது, அமிலமே இல்லை என்று சொல்வார்கள். ஆனால் 2018இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவிலிருந்து நினி ராவும் மேகன் ஃபுல்லரும் வெளியிட்ட ஆய்வில் குளிர்நீர், சுடுநீர் இரண்டு விதக் காபிகளின் பிஹெச் அளவும் ஒன்றுபோலவே, 4.85க்கும் 5.13க்கும் இடையில், இருந்தது. சுடுநீர்க் காபியில் மொத்த அமிலங்கள் கூடுதல் என்பதும் அதிலேயே தெரிந்தது. ஆகவே நாக்குக்கு இது இதம் என்று சொல்லலாம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு மருந்து என்று சொல்லக் கூடாது. காஃபீனும் குறைவில்லை. மென்மையாக இருக்கிறதே என்று இரண்டு மூன்று கிளாஸ் உள்ளே போய்விடும். இரவு தூக்கம் போகும். கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. வீட்டில் அப்படி யாரும் இருந்தால் கவனம்.

இப்போது நீங்கள் கேட்காதது. முதல் கிளாஸைப் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் குடியுங்கள். காரணம் சொல்கிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபிச் செடி ஏற்காட்டுக்கு வந்துவிட்டது. அங்கேயும் தாண்டிக்குடியிலும் வால்பாறையிலும் மர நிழலில், மிளகுக்கொடிகளுக்கு நடுவே இன்றும் விளைகிறது. நாமும் தினமும் காபி குடிக்கிறோம். ஆனால் எந்த மலையின் கொட்டை என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் கலந்த பிறகு ருசித்தும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கருவியும் பழக்கமும் இல்லாமல், கொட்டையை அதன் ருசியிலேயே அறிந்துகொள்ள வீட்டில் இருக்கிற எளிய வழி இந்த ஜாடி. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

தூள் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம், இது எந்த ஊர்க் கொட்டை, எப்போது வறுத்தது என்று கேளுங்கள். உடனே பதில் வராமல் போகலாம். அடுத்த முறையும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் பாக்கெட்டில் மலையின் பெயர் ஏறும். அந்தப் பெயருக்கு உரிய விலை விளைவித்தவருக்கும் போய்ச் சேரும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்