நோயாளியை ஏற்றும் வண்டி: நாம் அறிய வேண்டியவை

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் இரவு, திண்டுக்கல் நகரிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பற்றியது. ஒரு குழந்தை உட்படச் சிலர் உயிரிழந்தனர். எஞ்சிய நோயாளிகள் ஆம்புலன்ஸ் வண்டிகளில் அரசு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். 108 வண்டிகளோடு தனியார் வண்டிகளும் அன்று ஓடின. ஆகவே தனியார் வண்டிக்காரர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர்கள் நமக்கு வேண்டியவர்கள். அதனாலேயே அவர்களுடைய வண்டியின் தரத்தையும் நாம் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

தமிழகத்தில் 108 சேவை 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. அதற்குக் கட்டணம் கிடையாது. விபத்து, மாரடைப்பு, பிரசவ வலி ஆகியவற்றுக்கு முதலில் அழைக்க வேண்டியது அதனையே. தனியார் வண்டியை நாம் பெரும்பாலும் நாடுவது, ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போதும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போதும் ஆகும். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் மதுரைக்குச் செல்லும் நோயாளிகள் இன்றும் உளர். அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில்தான் வண்டியின் குறைகள் வெளிப்படும்.

வெள்ளை வண்ணமும் சுழல் விளக்கும் இருந்தால் எல்லாம் ஆம்புலன்ஸ் என்று நாம் எண்ணிவிடுகிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்கீழ் 2016-இல் ஏற்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 125 என்னும் தரம் இவ்வண்டிகளை நான்காகப் பிரிக்கிறது. ‘ஏ’ வகை முதலுதவியாளர் விரைந்து வருவதற்கானது. அதில் நோயாளியை ஏற்ற இயலாது. ‘பி’ வகை, வழியில் நிலைமை மோசமாகாது என்று கருதப்படும் நோயாளிக்கு உரியது. ‘சி’ வகையில் அடிப்படை உயிர்காப்புச் சாதனங்கள் இருக்கும். ‘டி’ வகையில் செயற்கைச் சுவாசக் கருவி போன்ற உயர்ந்த சாதனங்கள் இருக்கும். கால் எலும்பு முறிந்து கட்டுப்போட்டு வீடு திரும்புபவருக்கு ‘பி’ வண்டியே போதும். ‘டி’ வண்டிக்குப் பணம் கொடுப்பது வீண். மூச்சுத் திணறுபவரை ‘பி’ வண்டியில் ஏற்றுவதோ பேரபாயம். எவ்வகை வண்டி தேவை என்பதை அனுப்பும் மருத்துவரிடமே கேட்க வேண்டும். வாசலில் நிற்கும் தரகரிடம் அன்று.

பிராணவாயுக் கணக்கைச் சிறிது விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் இதனை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தாமே போட்டுப் பார்க்கலாம். மருத்துவப் பிராணவாயு உருளை கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்டது. சிறிய ‘பி’ உருளை நிறைந்திருந்தால் அதில் ஏறக்குறைய 1,500 லிட்டர் வாயு இருக்கும். பெரிய ‘டி’ உருளையில் 7,000 லிட்டர். (உருளையின் எழுத்தையும் வண்டியின் எழுத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உருளையின் தலையிலுள்ள அளவுகாட்டி, நிறைந்த நிலையில் 150 என்று காட்டும். அது 75-இல் நின்றால் பாதிதான் உள்ளது என்று பொருள். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்குச் சிறிய உருளையின் பாதி, அதாவது 750 லிட்டர், 75 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேடசந்தூரிலிருந்து மதுரைக்குப் புறப்படுபவருக்கு அது போதாது. வழியில் சாலை மறிபட்டால் நிலைமை என்னவாகும்? ஆகவே கணக்கிட்ட நேரத்துக்கு இரு மடங்கு வாயு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். நோயாளியை ஏற்றுமுன் அளவுகாட்டியைக் காட்டும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மேற்சொன்ன தரம் வண்டியின் கட்டுமானத்தையும் அமைப்பையும் பற்றியது. உள்ளே அமரும் உதவியாளர் பயிற்சி பெற்றவரா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். ஓட்டுநர் ஒருவரே வந்து, பின்னால் நோயாளியுடன் உறவினர் மட்டும் இருப்பது, எத்தனை கருவிகள் இருந்தாலும் பயனற்றது. படுக்கையின் வார்ப்பட்டைகளைப் பூட்ட வேண்டும். அது தரையோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். துணைக்குச் செல்பவரும் இருக்கை வாரை அணிய வேண்டும். மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தைக் கையிலெடுத்து, செல்லும் மருத்துவமனைக்கு முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், அங்கே இடமில்லை என்று திரும்பும் துன்பம் இராது.

கட்டணத்தை ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும்: கிலோமீட்டருக்கு எவ்வளவு, திரும்பும் தூரத்துக்கும் உண்டா, காத்திருப்புக்கு எவ்வளவு, பிராணவாயு தனிக்கணக்கா என்பவை தெளிவாக வேண்டும். கோவிட் காலத்தில் அளவுக்கு மீறிக் கேட்கப்பட்டதால், நியாயமான கட்டணத்தை மாநிலங்கள் வரையறுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 செப்டம்பரில் கூறியது. தமிழக அரசும் 2021 மே மாதத்தில் அந்நோயாளிகளுக்காக வண்டியின் வகைக்கு ஏற்பக் கட்டணம் வரையறுத்தது. ரசீது கேட்டுப் பெறும் பழக்கம் நம்மிடம் இல்லை. முறையீடு செய்ய அதுவே முதல் சான்று.

பாம்பு தீண்டியவர் விஷயத்தில் நமது உழவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெரிய ஊரின் பெரிய மருத்துவமனையை நாடி நல்ல வண்டிக்குக் காத்திருத்தல் ஆகாது. விஷமுறிவு மருந்துள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே முதலில் செல்ல வேண்டும். மேற்கொண்டு செல்வது பிறகு.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பணி உண்டு. ஆம்புலன்சாக மட்டும் ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. தகுதிச் சான்றும் காப்பீடும் தேவை. முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். சுற்றுப்புறத்தில் ஓடும் வண்டிகளின் வகை, சான்று முடியும் நாள், உதவியாளர் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பவற்றைக் கேட்டெழுதி, கிராம சபையில் படித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம். அறுவடை நாட்களில் சோளத்தையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி வைப்பதையும் அப்போதே பேசிவிடலாம். நள்ளிரவில் வரும் வண்டி அதன்மீது வழுக்குகிறது.

பிணம் ஏற்றிய வண்டியிலேயே கழுவாமல் நோயாளியை ஏற்றுவதை ஊரார் அனுமதிக்கலாகாது. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்னும் எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கிறது. அவ்வெண்ணையும் அந்தச் சுவரிலேயே 108-க்கு அடுத்து எழுதி வைக்கலாம்.