இளம் பிள்ளைகளின் கைவிரல் வலியும் இரத்த ஓட்டமும்

நூல் இழைப்பவருக்கும் நிலம் உழுபவருக்கும் கைகளே முதற் செல்வம். அக்கைகளில் இளமையிலேயே தோன்றும் ஒரு துன்பத்தைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். குளிர்ந்த காலை வேளையில், அல்லது தண்ணீரில் கைவைத்தவுடன், சில பிள்ளைகளின் விரல்கள் வெளுத்து மரத்துப் போகின்றன. பின்னர் நீலம் பாய்கின்றன. இறுதியில் சிவந்து, குத்தலும் எரிச்சலுமாக வலிக்கின்றன. "வேலைக்குச் சோம்பி நடிக்கிறான்" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. அது தவறு.

பாரிஸ் நகரில் மாரிஸ் ரேனோ என்னும் மருத்துவர் 1862ஆம் ஆண்டில் தம் பட்ட ஆராய்ச்சியில் இந்நிலையை விவரித்தார். அவர் பெயராலேயே இஃது இன்றும் வழங்குகிறது.

குளிர் பட்டால் உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளத் தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இஃது எல்லோருக்கும் இயல்பு. இக்கோளாறு உடையவர்களுக்கோ, அச்சுருக்கம் அளவு கடந்துவிடுகிறது. இரத்தம் வராதபோது விரல் வெளுக்கிறது. தேங்கிய இரத்தத்தில் பிராணவாயு குறையும்போது நீலமாகிறது. குழாய் மீண்டும் திறக்கும்போது சிவக்கிறது. மூன்று நிறங்களும் எல்லோரிடத்தும் தோன்றா. கறுத்த மேனியில் வெளுப்பு எளிதில் புலப்படாது. ஆதலின் நகத்தையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மனக்கலக்கமும் இதைத் தூண்டும்.

வேறு நோயின்றித் தானே வருவது ஒரு வகை. இது பெரும்பாலும் 15 முதல் 30 வயதிற்குள், பெண்களிடத்தே மிகுதியாகத் தொடங்குகிறது; விரல்களுக்கு நிலையான கேடு செய்வது அரிது. மற்றொரு வகை, லூபஸ், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களின் அடையாளமாக வருவது. விரல் நுனியில் புண், கருமை, ஒரு கையில் மட்டும் வலி, மூட்டு வலி, முகத்தில் தடிப்பு, தோல் இறுகுதல், காரணமற்ற காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெளுத்த விரல் நிறம் திரும்பாவிடில் அன்றே செல்ல வேண்டும். மருத்துவர் நகத்தடியிலுள்ள நுண் குழாய்களைப் பெரிதாக்கிப் பார்த்தும், இரத்தத்தைச் சோதித்தும் இரு வகைகளையும் பிரித்தறிவார்.

வலி வந்தவுடன் செய்ய வேண்டியவை: ஈரத்தைத் துடைத்து, கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தலாம், தோளிலிருந்து கையை வட்டமாகச் சுழற்றலாம். நெருப்பில் காய்ச்சுதலும் கொதிநீரும் கூடா. மரத்த விரல் சூட்டை உணராமையால் வெந்துபோகும்.

தடுக்கும் வழிகள்: கையுறை மட்டும் போதாது, உடல் முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் தலைக்கும் காலுக்கும் உறை தேவை. நூல் நனைக்கவும் சாயத் துணி அலசவும் குளிர்ந்த நீரில் இப்பிள்ளைகளை ஈடுபடுத்தலாகாது. அதிரும் இயந்திரக் கருவிகளை நெடுங்காலம் பிடித்து வேலை செய்வதும் இக்கோளாற்றை உண்டாக்கும். ஆதலின் அவற்றையும் இவர்களிடம் கொடுத்தல் தகாது. புகையிலையை எவ்வகையிலும் தீண்டலாகாது; அதிலுள்ள நிக்கோட்டின் குழாய்களை மேலும் சுருக்கும். ஒற்றைத் தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் தரப்படும் சில மருந்துகளும் இதைத் தூண்டுமாதலின், உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் கூறவேண்டும்; தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இவற்றால் தணியாவிடில், குழாய்களை விரிக்கும் நிஃபெடிப்பின் போன்ற மருந்தை மருத்துவர் தரக்கூடும். தலைவலி, முகம் சிவத்தல், கால் வீக்கம் ஆகியன அதனால் நேரலாம். ஆகவே அவர் குறித்த அளவே உட்கொள்ளத் தக்கது.

மருத்துவரிடம் செல்லுமுன் விரல்கள் பெரும்பாலும் இயல்பு நிறத்தை அடைந்துவிடும். ஆதலால் வலி வரும் வேளை, அதற்கு முன் செய்த வேலை, நீடித்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கைபேசியில் விரல்களைப் படமெடுத்துக்கொண்டு செல்லுங்கள். அவை நோயைக் கண்டறிவதற்குப் பெருந்துணை செய்யும்.