பண்ணை வண்டிக்கு வின்ச் வேணுமா? வாங்கும் முன் ஒரு கணக்கு



போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தொழுவுரம் ஏற்றி வந்த எங்க பிக்கப் வண்டி தோட்டத்துத் தடத்திலேயே சேற்றில் பதிஞ்சுபோச்சு. அயோத்தியாப்பட்டணம் பக்கம், ஓடையை ஒட்டிய களிமண் நிலம். பக்கத்துத் தோட்டத்து மாமா டிராக்டரோட வந்தார். பழைய நைலான் கயிற்றை பம்பரில் கட்டி வெடுக்கென்று இழுத்தோம். பம்பர் பிய்ந்தது. கயிறு சாட்டை மாதிரி வீசி, உதவிக்கு நின்ற பையனின் காதோரமாகப் போனது. ஒரு சாண் தள்ளியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

மறுநாளே வின்ச் வாங்கிடலாம்னு தோணுச்சு. வண்டியின் முன்னால் பூட்டி, பேட்டரியில் ஓடும் மோட்டாரால் கம்பியைச் சுருட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் கருவி அது. ஆனா பேங்கில் கடன் மனுக்களை அலசிய பழக்கம் விடுமா? எனக்கு நானே மூணு கேள்வி கேட்டேன்.

முதல் கேள்வி: எங்கே, எத்தனை தடவை மாட்டுது? எங்களுக்கு ரெண்டு வருஷத்தில் மூணு தடவை. மூணும் அதே இருபது அடி தூரத்தில்! அப்போ கோளாறு வண்டியில் இல்லை, தடத்தில்.

ரெண்டாவது: கூப்பிடு தூரத்தில் உதவி இருக்கா? நம்ம சமவெளியில் குரல் கொடுத்தா டிராக்டர் வந்துடும். அருநூற்றுமலை, கல்வராயன் மலைப் பக்கம் தனியாகப் போய் வருபவருக்கு அப்படி இல்லை. அவருக்கு வின்ச் உயிர்த்துணை. கோவாவில் 2014 முதல் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி வண்டிகளில் வின்ச் இருப்பதும் அதனால்தான்.

மூணாவது: கம்பியை எதில் கட்டுவது? வின்ச்சுக்கு எதிரில் அசையாத பிடிமானம் வேணும். மரம் இல்லாத வெட்டவெளியில் அது வெறும் சுமை. மரம் இருந்தாலும் இரும்புக் கம்பியை நேரடியாகச் சுற்றினால் பட்டையை அறுத்துவிடும்; பட்டை போனால் மரமும் போகும். அகலமான பட்டைக் கயிறு போட்டு, அடிமரத்தோடு தாழ்வாகக் கட்டணும்.

மூணுக்கும் பதில் 'வேணும்' என்று வந்தால் அளவைப் பாருங்க. சரக்கோடு சேர்த்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுதிறன் வேணும். வண்டி 3,000 கிலோ என்றால் 4,500 கிலோ. கடைக்காரர் கணக்கில் சுமார் 10,000 பவுண்டு. அந்த முழுத்திறனும் உருளையில் அடி அடுக்குக் கம்பி மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே சுற்றச் சுற்றக் குறையும். ஒரு கப்பி சேர்த்து மடக்கி இழுத்தால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். முழுச்சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 400 ஆம்பியர் உறிஞ்சும். அதனால் இன்ஜின் ஓடணும், விட்டு விட்டு இழுக்கணும்.

சட்டத்தையும் பார்க்கணும். வண்டியின் முன்னால் தனியாகக் கம்பித் தடுப்பு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-க்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. வின்ச் பூட்ட பம்பரை மாற்ற வேண்டியிருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கோங்க.

நான் வின்ச் வாங்கலை. அந்த இருபது அடித் தடத்தின் ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, கல் பரப்பி, மேலே கிராவல் போட்டேன். வின்ச் விலையில் பாதிகூட ஆகலை. ஈர நிலத்தில் வண்டியே விடுவதில்லை. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பேன். உடையாமல் பென்சில் கனத்துக்குத் திரி வந்தால் அன்னைக்கு வண்டி உள்ளே போகாது. அந்த ஈரத்தில் ஓட்டினால் மண் இறுகி, காற்றும் நீரும் இறங்க வழியில்லாமல் போகும். நாம பாடுபட்டு வளர்த்த மண்புழுவும் தங்காது.

வண்டியில் இப்போ இருப்பவை: எடைத்திறன் அச்சிட்ட இழுவைப் பட்டை, ரெண்டு ஷாக்கிள், மம்பட்டி, ரெண்டு பலகை, காற்றடிக்கும் பம்ப். பதிஞ்சுட்டா சக்கரத்தைச் சுற்றவிட்டுக் குழி தோண்டாதீங்க. முதலில் சரக்கை இறக்குங்க. சக்கரத்துக்கு முன்னால் சேற்றை வெட்டிப் பலகை போடுங்க. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைங்க. வெளியே வந்ததும் மறக்காமல் அடிச்சுடுங்க. பெரும்பாலும் இதிலேயே ஏறிவிடும்.

இழுத்தே ஆகணும்னா சேஸிஸ் கொக்கியில் மட்டும் கட்டுங்க, வெட்டி இழுக்காதீங்க. கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்க. அறுந்தால் வீச்சு குறையும். கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் எல்லாரும் நிற்கணும், யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. வின்ச்சுக்கும் இதே விதிதான்.

இப்பல்லாம் டிராக்டர் கிளம்பும் முன்னே அந்தப் பையனே, "ஐயா, தள்ளி நில்லுங்க"ன்னு எனக்குச் சொல்றான்.