வெட்கத்தை விட்டால் வழி உண்டு

பெரியம்மாவுக்கு வயது 62. ஐந்து பிள்ளைகள் பெற்றவர். இருமினால் அவருக்குச் சிறுநீர் கசியும். குடத்தைத் தூக்கினாலும் கசியும். சேலை நனைந்துவிடும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார்.

மகள் வயிற்றுப் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான்கு மாதம் கழித்துக் கல்யாணம். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போகவேண்டும்.

"நான் வரவில்லை" என்றார் பெரியம்மா.

"ஏன் அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

பெரியம்மா அழுதுகொண்டே சொன்னார். மறுநாள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

டாக்டரம்மா பரிசோதித்தார். சிறுநீரையும் சோதித்தார்கள். பிறகு நர்ஸ் விளக்கினார்.

"இது பல பெண்களுக்கு உண்டு அம்மா. இடுப்பின் அடியில் தசைகள் தொட்டில்போல் இருக்கின்றன. மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் அவைதான் தாங்குகின்றன. பிரசவத்தால் அவை தளரும். வயதானாலும் தளரும். நாள்பட்ட இருமலாலும் மலச்சிக்கலாலும் தளரும். பயிற்சி செய்தால் பலம் பெறும்."

பயிற்சி செய்யும் முறை

1. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். பிறகு படுத்தோ உட்கார்ந்தோ செய்யலாம்.
2. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள்ளே இறுக்குங்கள்.
3. ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். முடியாவிட்டால் மூன்று வரை போதும். அதே நேரம் தளர விடுங்கள்.
4. இப்படிப் பத்து முறை செய்யுங்கள். தினமும் மூன்று வேளை செய்யுங்கள்.
5. மூச்சை அடக்காதீர்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது.
6. சிறுநீர் போகும்போது இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள்.

"இருமல் வரும்போது இறுக்கிக்கொள்ளுங்கள். குடம் தூக்கும் முன்பும் இறுக்குங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மலச்சிக்கல் வரும்" என்றார் நர்ஸ்.

"எத்தனை நாளில் குணமாகும்?" என்று பெரியம்மா கேட்டார்.

"மூன்று மாதமாவது விடாமல் செய்யவேண்டும் அம்மா."

முதல் மாதம் மாற்றம் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று பெரியம்மா நினைத்தார். மருமகள் விடவில்லை. அவளும் கூடவே உட்கார்ந்து செய்தாள். மூன்றாம் மாதம் கசிவு நன்றாகக் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை. ஆனாலும் பெரியம்மா பஸ் ஏறினார். மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டார். பேத்தியின் கல்யாணத்தைக் கண்ணாரப் பார்த்தார்.

பந்தியில் பக்கத்து இலையில் ஒரு பாட்டி இருந்தார். அவர் தண்ணீரைத் தொடவே இல்லை. பெரியம்மாவுக்குக் காரணம் புரிந்தது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

கவனம்: சிறுநீரில் எரிச்சலோ இரத்தமோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பப்பை கீழே இறங்குவதுபோல் இருந்தாலும் பாருங்கள்.

பேசுவோம்

1. பெரியம்மா ஏன் தண்ணீரைக் குறைத்தார்? அது சரியா?
2. உங்கள் வீட்டில் மூத்த பெண்கள் இதை யாரிடம் சொல்வார்கள்?