படுக்கைக்கு வெளியே ஆகும் செலவு



மருத்துவச் செலவு என்றதும் நம் நினைவுக்கு வருவன அறுவைச் சிகிச்சைக் கட்டணமும் ஆஸ்பத்திரிப் படுக்கையின் வாடகையுமே. யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன், சென்ற கோடை விடுமுறையில் அம்மாவின் கணக்கு நோட்டைப் புரட்டும் வரையில்.

எங்கள் வீடு இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. கேரள அரசின் காருண்யா காப்பீட்டு அட்டை இருந்தமையால் ஆஸ்பத்திரிக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆயினும் நோட்டில் பதினொராயிரம் ரூபாய் செலவு எழுதப்பட்டிருந்தது! ஜீப்பு வாடகை, இரண்டு மாதம் முன்னரே எடுத்த ஸ்கேன், துணையிருந்த அம்மாவின் சாப்பாடு, வீடு திரும்பி ஒரு மாதம் வரை வாங்கிய மாத்திரை. இருவரும் இழந்த கூலி அதில் சேரவில்லை.

இஃது எவரும் செய்த மோசடியன்று. அட்டையின் இயல்பே அது. 2018இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்து, 2019இல் கேரளம் இக்காப்பீட்டைத் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, வயது வரம்பில்லை, முன்னமே உள்ள நோய்க்கும் விலக்கில்லை. ஏழைக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. சேர்வதற்கு முந்திய 3 நாளும், வெளிவந்தபின் 15 நாளும் அதனுள் அடங்கும். புறநோயாளியாகச் சென்று வாங்கும் மருந்து அடங்காது. நீரிழிவுக்காரர் படுக்கையில் சேர்வது அரிது. அவர் மாத்திரை வாங்காத மாதமோ இல்லை!

மலைமேல் இக்குறை பெரிதாகத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் அவர் குடும்பத்திற்கும் மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. காய்ச்சலா, இருமலா, தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவோம். ஆனால் அவ்வுரிமை வேலையோடு பிறந்தது, வேலையோடு முடிவது. அப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். லயத்து வீடும் போகும், டிஸ்பென்சரியும் போகும்.

பாலக்காட்டு எல்லையில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நண்பர்களுக்குச் சிக்கல் வேறு. அவர்களுக்குக் கோயம்புத்தூர் எட்டும் தூரம். ஆனால் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையைக் கேட்கும். கேரள அட்டை அங்கே செல்லுமா என்பதைச் சேருமுன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டறிவது நலம். சேர்ந்தபின் கேட்டுப் பயனில்லை.

நிற்க. ஓய்வின்போது வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வரும். ஊரில் வீடு கட்டு என்பார் ஒருவர். தங்கை கல்யாணத்தை முடி என்பார் மற்றொருவர். அதில் ஒரு பகுதியை மருத்துவத்திற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று யான் வாதாடினேன்.

அமெரிக்காவில் இதனைச் சட்டமே செய்திருக்கிறது. 2003இல் இயற்றி, 2004இல் நடைமுறைக்கு வந்த மருத்துவச் சேமிப்புக் கணக்கு அது. தொடக்கச் செலவின் பெரும்பகுதியை நோயாளியே ஏற்கும் வகைக் காப்பீடு உடையவர் மட்டுமே அதில் பணம் போடலாம். வரி இல்லை, செலவாகாத பணம் அடுத்த ஆண்டுக்கும் நிற்கும். 65 வயதுக்குமுன் வேறு காரியத்திற்கு எடுத்தால் வரியோடு நூற்றுக்கு 20 தண்டமும் உண்டு. சிங்கப்பூரில் 1984 முதல் மெடிசேவ் என்று ஊதியத்திலிருந்தே பிடித்து வைக்கிறார்கள். நம் நாட்டில் இத்தகைய சட்டக் கணக்கு இல்லை. ஆனால் எதற்கு எடுக்கலாம் என்ற அமெரிக்க விதியை நாம் இரவல் வாங்கத் தடையில்லையே! நோயை அறிய, தீர்க்க, தணிக்க, தடுக்க ஆகும் செலவு எல்லாம் சேரும். சிகிச்சைக்காகச் செல்லும் வண்டிச் செலவும் சேரும்.

இதனை அம்மாவிடம் விளக்கினேன்.

“அப்பாவுக்குக் கண்ணாடி மாத்தணுமே, அது சேருமா தம்பி?”

“சேரும் அம்மா. பல் கட்டுவதும், காது கேட்கும் கருவியும் சேரும்.”

“சத்து மாவு?”

“அது சாப்பாடு, சேராது.”

“அப்ப நான் கூட இருந்து சாப்பிட்ட சோறு?”

அந்த விதிப்படி அதுவும் சேராது. ஆனால் நோயாளியோடு ஒருவர் துணை நின்றே ஆகவேண்டிய நம் ஆஸ்பத்திரிகளுக்கு அவ்விதி பொருந்துமா? பொருந்தாது என்றே முடிவு செய்தோம். கூலியிழப்பைச் சேர்ப்பதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. பணம் அதற்கே கரைந்துவிடும் என்பது என் கட்சி. கூலி இல்லாவிட்டால் மாத்திரை எங்கிருந்து வரும் என்பது அம்மாவின் கட்சி.

விடுமுறை முடியுமுன் அஞ்சலகத்தில் தனிக்கணக்கு ஒன்று தொடங்கினோம். அம்மா நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, முதல் வரியில் ‘ஜீப்பு’ என்று எழுதினார்.